நான் போகாத கச்சேரிகள்

கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் ஜெர்ரி கார்சியா 1995 ஆகஸ்ட் 9 அன்று இறந்தார். நான் வேலைக்காக நியூ ஜெர்சியில் போய் இறங்கியது 1998-இல். ஆகவே, முப்பது ஆண்டுகளில் சுமார் 2,300 கச்சேரிகள் செய்த ஒரு குழுவின் ஒரு கச்சேரியைக்கூட நேரில் கேட்காமலேயே அதன் தீராத ரசிகனாக ஆனவன் நான். எனக்குக் கிடைத்தவை ஒலிப்பதிவுகள் மட்டும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அவற்றைக் கேட்டு வருகிறேன். இன்னும் பாதியைக்கூடத் தொடவில்லை.

அலுவலகத்தில் எனக்கு இரண்டு மேசை தள்ளி அமர்ந்திருந்தவர், தம்மிடமிருந்த கேசட்டுகளையெல்லாம் குறுந்தகடுகளுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். மாற்றி முடித்தவற்றைக் குப்பையில் போட மனமில்லாமல் ஒரு செருப்புப் பெட்டி நிறைய எனக்குக் கொடுத்தார். பெரும்பாலும் மேக்ஸெல் 90 நிமிடக் கேசட்டுகள். உள்ளே மடித்துச் செருகிய அட்டையில் நீல மையில் பாட்டுகளின் வரிசை இருக்கும். ஒரு பாட்டின் பெயர், பக்கத்தில் ஓர் அம்புக்குறி, அடுத்த பாட்டின் பெயர். அம்புக்குறி இருந்தால், வாசிப்பை நிறுத்தாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குள் நுழைந்துவிட்டார்கள் என்று பொருள். குழுவின் பெயர் எழுதப்பட்டிருக்காது, தேதியும் ஊரும்தான். அவற்றில் ஒன்றில் 5/8/77 என்றிருந்தது. அமெரிக்க வழக்கப்படி மாதம் முன்னால் வரும் என்பது உறைக்காமல், அதை ஆகஸ்ட் ஐந்தாம் தேதிக் கச்சேரி என்றே சில வாரங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது மே 8. நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா நகரில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் நடந்தது. மே மாதத்தில் அன்றைக்குப் பனி பெய்திருக்கிறது. இந்தக் குழுவின் ரசிகர்களிடம் சிறந்த கச்சேரி எது என்று கேட்டால் பாதிப் பேர் இதைச் சொல்வார்கள். மீதிப் பேர் இதைச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே வேறொன்றைச் சொல்வார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2011-ஆம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இதைச் சேர்த்தது. ஆனால் எனக்கு இவையெதுவும் தெரியாத காலத்தில், சமையலறை மேடையில் வைத்திருந்த பழைய பிளேயரில், சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டே இரண்டாம் பாதியைப் போட்டுக் கேட்டேன். ‘ஸ்கார்லெட் பிகோனியாஸ்’ என்ற பாட்டு ‘ஃபயர் ஆன் தி மவுண்டன்’ என்ற பாட்டாக மாறுகிறது. இரண்டும் சேர்ந்து இருபத்தைந்து நிமிடங்களுக்கு மேல். முதல் பாட்டின் வரிகள் முடிந்தபின் வாசிப்பு மட்டும் போய்க்கொண்டிருக்கும். எங்கோ ஓரிடத்தில் தாளத்தின் நடை மாறுகிறது, பேஸ் கிட்டார் வேறு உருவை எடுத்துக்கொள்கிறது, நிமிர்ந்து பார்க்கும்போது நாம் அடுத்த பாட்டுக்குள் நிற்கிறோம். எந்த நொடியில் எல்லையைத் தாண்டினார்கள் என்பதை இத்தனை ஆண்டுகள் கேட்டும் என்னால் சொல்ல முடிவதில்லை. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கிறேன் பேர்வழி என்று கேட்க ஆரம்பித்தவன்தான் இந்தக் குழுவிடம் மாட்டிக்கொண்டேன்.

என் கேசட்டில் இன்னொன்றும் இருந்தது. 90 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிடங்கள்தான் ஓடும். அவர்களோ நேரம் பார்த்து வாசிப்பவர்கள் அல்லர். ‘நாட் ஃபேட் அவே’ என்ற பாட்டு சூடு பிடிக்கும் இடத்தில், ஏறத்தாழ ஐந்தாவது நிமிடத்தில், டக்கென்று அறுந்துவிடும். கேசட்டைத் திருப்பிப் போட்டால் மறுபக்கம் சிறிது இடைவெளி விட்டுத் தொடரும். இந்தக் கச்சேரி 2017-இல் அதிகாரபூர்வமாக முழுமையாக வெளிவந்துவிட்டது; அதில் வெட்டும் கிடையாது, இரைச்சலும் கிடையாது. இருந்தும் அந்த ஐந்தாவது நிமிடம் நெருங்கும்போது என் கை தானாகப் பிளேயரைத் தேடுகிறது. அதைத் தாண்டி வரும் ‘மார்னிங் டியூ’ அணுகுண்டுப் போருக்குப் பிந்தைய உலகைப் பற்றிய பாட்டு. கார்சியா ஏறத்தாழ முணுமுணுப்பில் தொடங்கி, பதினான்கு நிமிடங்களில், கிட்டாரின் எல்லாத் தந்திகளையும் விசிறி வீசுவதுபோல் அடித்து முடிப்பார். அதுவும் முதலில் எனக்குக் கேசட்டின் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலோடுதான் கிடைத்தது. பிரதி எடுத்த பிரதியிலிருந்து மேலும் பிரதி எடுக்க எடுக்க அந்த இரைச்சல் கூடும். அது எத்தனை கைமாறி வந்தது என்பதைக் காதால் கணக்கிடக் கற்றுக்கொண்டவர்கள் உண்டு.

இத்தனை பதிவுகள் எப்படி உண்டாயின என்பதைச் சொல்லாமல் இவற்றைப் பற்றிப் பேச முடியாது. இரண்டு ஊற்றுகள். ஒன்று, குழுவின் சொந்த ஒலிப் பொறியாளர்கள் எடுத்தவை. ஆரம்ப காலத்தில் ‘பேர்’ (Bear, கரடி) என்று அழைக்கப்பட்ட ஆவ்ஸ்லி ஸ்டான்லி, தம் வேலை சரியாக இருக்கிறதா என்று மறுநாள் கேட்டுப் பார்ப்பதற்காகவே ஒவ்வொரு கச்சேரியையும் ரீலில் எடுத்துவைத்தார். அவருக்குப் பின் பெட்டி கேன்டர்-ஜாக்சன். கார்னெல் பதிவு அவர் எடுத்ததுதான். ஒலிகளைக் கலக்கும் கருவியான மிக்ஸரிலிருந்து வரும் ஒலியை அப்படியே நாடாவில் ஏற்றாமல், பதிவுக்கென்று தனியாகச் சமன்செய்து எடுக்கும் காது அவருக்கு இருந்தது. மேடையில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதுகூட அவர் பதிவுகளில் தெரியும். பிற்காலத்தில் கையில் பணமில்லாமல் கிடங்கு வாடகை பாக்கி விழுந்து, 1986-இல் அவருடைய ரீல்கள் ஏலத்துக்குப் போயின. வாங்கியவர்களிடமிருந்து பிரதிகள் பரவிய பிறகுதான் கார்னெலுக்கு இவ்வளவு பெயர். ஒரு குழுவின் மிகப் புகழ்பெற்ற கச்சேரி, அதைப் பதிவு செய்தவர் வாடகை கட்ட முடியாததால் ஊர் முழுக்கப் பரவியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் குற்ற உணர்வு வருகிறது.

மற்றொரு ஊற்று, கூட்டத்தில் மைக்கோடு நின்ற ரசிகர்கள். ஏனைய குழுக்கள் வாசலில் பையைச் சோதித்துப் பிடுங்கிக்கொண்டிருந்த காலத்தில், இவர்கள் முதலில் கண்டும் காணாமல் இருந்தார்கள். வாசித்து முடித்துவிட்டால் அது எங்களுடையதல்ல, அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்பது கார்சியாவின் நிலை. 1984 அக்டோபரில், பெர்க்லியில், ஒலிப்பதிவாளர்களுக்கென்றே மிக்ஸருக்குப் பின்னால் தனி இடம் ஒதுக்கி, அதற்குத் தனிச் சீட்டும் விற்றார்கள். ஒரே நிபந்தனை, பதிவை விற்கக் கூடாது. புதியவர் வெற்றுக் கேசட்டையும் தபால் செலவையும் அனுப்பினால் போதும், முன்பின் பார்த்திராத ஒருவர் மூன்று மணி நேரம் செலவழித்துப் பிரதி எடுத்து அனுப்புவார். எனக்கும் அப்படி வந்திருக்கிறது. ஒரு முறை கேசட்டோடு, ‘இரண்டாம் பக்கத்தில் பக்கத்து இருக்கைக்காரர் இருமுகிறார், பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு துண்டுச்சீட்டும் வந்தது. அந்த இருமலை இப்போது நான் எதிர்பார்த்துக் கேட்கிறேன்.

இனி, என் மனத்துக்கு மிக நெருக்கமானதுக்கு வருகிறேன். அது கார்னெல் அல்ல. 1972 ஆகஸ்ட் 27, ஆரிகன் மாநிலத்தின் வெனிட்டா என்ற சிற்றூரில், மரங்கள் சூழ்ந்த திறந்தவெளியில் நடந்த கச்சேரி. ஸ்பிரிங்ஃபீல்டு கிரீமரி என்ற சிறிய பால்பண்ணை நிறுவனம் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. அதை நடத்திய சக் கீசி, நாவலாசிரியர் கென் கீசியின் தம்பி. அவர் கலிஃபோர்னியாவுக்கு வண்டியோட்டிச் சென்று நிதிக்காக ஒரு கச்சேரி செய்து தருமாறு கேட்டார், குழுவும் ஒப்புக்கொண்டது. தயிர்ப் புட்டிகளுக்கு லேபிள் அச்சிடும் தாளிலேயே நுழைவுச்சீட்டையும் அச்சிட்டார்கள். அன்றைய வெயில் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியது. ஏறத்தாழ இருபதாயிரம் பேர் திரண்டார்கள், குடிநீர் போதவில்லை. சீட்டு வாங்காமல் நுழைந்தவர்கள் ஏராளம் என்பதால் பண்ணைக்குப் பெரிதாகப் பணமும் தேறவில்லை.

அந்த வெயில் பதிவில் கேட்கிறது. தந்திகள் சூட்டில் தளர்ந்து சுருதி நழுவிக்கொண்டே இருக்கிறது. பாட்டுக்குப் பாட்டு நிறுத்திச் சுருதி சேர்க்கிறார்கள், அடுத்த பாட்டின் நடுவில் மறுபடியும் நழுவுகிறது. சுருதி விலகினால் எழுந்து போய்விடும் ரசிகர்களிடையே வளர்ந்தவன் என்ற முறையில், இதை நான் ரசிப்பதை என் வீட்டாருக்கு விளக்க முடிந்ததில்லை. ஆனால் ‘பேர்ட் சாங்’ பாட்டை அன்று வாசித்ததுபோல் அவர்கள் வேறு எங்கும் வாசித்ததாக எனக்குத் தோன்றவில்லை. அப்போது இரண்டு டிரம்ஸ் கலைஞர்களில் ஒருவரான மிக்கி ஹார்ட் குழுவில் இல்லாத காலம். பில் கிராய்ட்ஸ்மன் ஒருவரே டிரம்ஸ். இருவர் இருக்கும்போது தாளம் கட்டடம்போல் நிற்கும்; இவர் ஒருவர் மட்டும் என்றால் அது கொடிபோல் வளைந்துகொடுக்கும். கீத் காட்ஷாவின் பியானோ அந்தக் கொடியில் இடம் பார்த்து இடம் பார்த்து உட்கார்கிறது.

பிறகு ‘டார்க் ஸ்டார்’. 1968-இல் இசைத்தட்டாக வெளிவந்தபோது இந்தப் பாட்டு மூன்று நிமிடம்கூட இல்லை. 1969 பிப்ரவரி 27 அன்று சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்டில் வாசித்து ‘லைவ்/டெட்’ தொகுப்பில் சேர்ந்தபோது இருபத்து மூன்று நிமிடங்கள். வெனிட்டாவில் அரை மணி நேரத்துக்கும் மேல். பாட்டு என்று சொல்ல அதில் இருப்பது நான்கைந்து சுரங்களாலான ஒரு சிறு தொடக்கமும் இரண்டு சரணங்களும்தான். மீதி முழுவதும் மனோதர்மம். வெனிட்டாவில் முதல் சரணம் வருவதற்கு முன்பே பல நிமிடங்கள் அலைகிறார்கள். நடுவில் வாசிப்பு கிட்டத்தட்டக் கலைந்து, ஆளுக்கொரு பக்கம் போய், பில் லெஷின் பேஸ் மட்டும் அடியில் உறுமிக்கொண்டிருக்கும் ஓரிடம் வருகிறது. வழி தவறிவிட்டார்கள் என்றுதான் தோன்றும், அவர்களுக்கே தோன்றியிருக்கலாம். யாரும் அவசரப்பட்டுப் பழைய மெட்டுக்கு ஓடிவரவில்லை. அந்தக் குழப்பத்திலேயே நின்று, ஒருவர் போடுவதை மற்றவர் எடுத்து, மெல்ல மெல்ல ஒரு நடையை உண்டாக்கி, கடைசியில் கொஞ்சமும் எதிர்பாராத ‘எல் பாசோ’ என்ற மாட்டுக்காரன் கதைப்பாட்டில் போய் இறங்குகிறார்கள். குழுவின் மற்றொரு கிட்டார் கலைஞரும் பாடகருமான பாப் வீர் அந்த முதல் வரியைப் பாடும்போது ஒவ்வொரு முறையும் நான் சிரித்துவிடுகிறேன். கார்னெலில் ஒரு நொடிகூட அவர்கள் வழி தவறுவதில்லை. எனக்கு அது இரண்டாம் இடத்தில் இருப்பதற்குக் காரணம் அதுதான்.

வெனிட்டாவின் கேசட்டை என் காரின் பிளேயர் ஒரு நாள் விழுங்கிவிட்டது. நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தி, நாடாவை உருவியெடுத்து, பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றி உள்ளே இழுத்தேன். அதற்குப் பிறகு ‘டார்க் ஸ்டார்’ பாட்டின் நடுவில் ஓரிடத்தில் ஒலி தண்ணீருக்குள் மூழ்கி எழுந்தது. இந்தக் கச்சேரியும் 2013-இல் முறையாக வெளிவந்துவிட்டது, வாங்கியும் வைத்திருக்கிறேன்.

1970 மே 2, நியூயார்க் மாநிலம் பிங்ஹாம்டனில் ஹார்ப்பர் கல்லூரிக் கச்சேரியும் விட முடியாதது. ஆனால் அதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதலில் மின்சாரமில்லாத கிட்டார்களோடு கேலியும் பேச்சுமாக ஒரு பகுதி. பின்னர் ‘வயோலா லீ புளூஸ்’ வரை ஏறிக்கொண்டே போகும் ஆவேசம். கம்போடியாவுக்குள் படை அனுப்பியதை நிக்சன் அறிவித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட இன்னும் இரண்டு நாள் இருந்தது. அந்தக் கூட்டத்தின் குரலில் அது இருக்கிறதா, அல்லது தேதி தெரிந்ததால் நான் ஏற்றிக் கேட்கிறேனா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நீளத்துக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். 1974 மே 21, சியாட்டில். ‘பிளேயிங் இன் தி பேண்ட்’ என்ற ஒரே பாட்டை நாற்பத்தாறு நிமிடங்கள் இடைவிடாமல் வாசித்தார்கள். அதன் அடிப்படை பத்து எண்ணிக்கை கொண்ட ஒரு தாளச் சுற்று. நம் காதுக்கு இதில் வியப்பொன்றும் இல்லை. ஒரு பல்லவியை ஒரு மணி நேரம் விரித்துக் கேட்டவர்கள் நாம். வியப்பு என்னவென்றால், நாற்பது நிமிடங்களுக்கு மேல் அந்தச் சுற்றைக் கைவிட்டு எங்கெங்கோ திரிந்த ஐந்தாறு பேரும் யாரும் கைகாட்டாமலேயே ஒரே நேரத்தில் எடுப்புக்குத் திரும்பி வருவது. இது அவர்கள் ‘வால் ஆஃப் சவுண்டு’ என்ற மாபெரும் ஒலியமைப்போடு ஊர் ஊராகச் சென்ற ஆண்டு. அறுநூறுக்கும் மேற்பட்ட ஒலிபெருக்கிகள், ஏறத்தாழ 75 டன் எடை, கலைஞர்களின் முதுகுக்குப் பின்னால் சுவர்போல் எழுப்பப்பட்டிருக்கும். பின்னாலிருந்து வரும் ஒலி மைக்கில் மறுபடி ஏறாமலிருக்க, ஒவ்வொரு பாடகருக்கும் இரண்டு மைக்குகளை எதிரெதிராக இணைத்திருந்தார்கள். அதனால் அந்த ஆண்டுப் பதிவுகளில் குரல் மட்டும் தகர டப்பாவிலிருந்து வருவதுபோல் மெலிந்து ஒலிக்கும். நேரில் கேட்டவர்கள் அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லும்போது கண்கள் விரிகின்றன. பதிவில் அந்தச் சுவர் இல்லை. நான் போகாததற்காக உண்மையிலேயே வருந்தும் ஆண்டு இதுதான்.

தாளத்தைப் பற்றிப் பேசியதால் ஒரு சிறு விலகல். 1970களின் இறுதியிலிருந்து ஒவ்வொரு கச்சேரியின் இரண்டாம் பாதியிலும் கிராய்ட்ஸ்மனும் ஹார்ட்டும் மட்டும் மேடையில் நின்று வாசிக்கும் பகுதி ஒன்று உண்டு. பெரும்பாலான ரசிகர்கள் கழிப்பறைக்கு எழுந்து போகும் நேரம் அது. நம்மூர்க் கச்சேரிகளில் தனி ஆவர்த்தனத்தின்போது சிற்றுண்டிச் சாலை நிரம்புவதைப் பார்த்தவனுக்கு இது பழகிய காட்சி. மிக்கி ஹார்ட் தபலா மேதை அல்லா ரக்காவிடம் கற்றவர்; பதினோரு எண்ணிக்கையில் அமைந்த ‘தி இலெவன்’ பாட்டில் அந்தக் கணக்கு தெரியும். அவர் 1991-இல் வெளியிட்ட ‘பிளானெட் டிரம்’ தொகுப்பில் கடம் வாசித்தவர் நம் விக்கு விநாயக்ராம். உலக இசைக்கென்று முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட கிராமி விருது அதற்குக் கிடைத்தது. இதைச் சொல்லித்தான், மிருதங்கம் கற்ற என் நண்பர் ஒருவரை அந்த டிரம்ஸ் பகுதியை முழுதாகக் கேட்க வைத்தேன். கேட்டுவிட்டு, ‘கணக்கு குறைவு, சத்தம் அதிகம்’ என்றார். மறுப்பதற்கில்லை.

எண்பதுகளின் பதிவுகளில் நான் அதிகம் திரும்பிப் போவது 1989 அக்டோபர் 9, வர்ஜினியா மாநிலம் ஹாம்ப்டன். 1987-இல் அவர்களுடைய ஒரு பாட்டு முதன்முறையாக முதல் பத்து இடங்களுக்குள் வந்த பிறகு, சீட்டு இல்லாதவர்களும் ஆயிரக்கணக்கில் வந்து அரங்கத்தைச் சூழத் தொடங்கினார்கள். அதைத் தவிர்க்க, ஹாம்ப்டனில் தங்கள் பழைய பெயரான ‘வார்லாக்ஸ்’ என்ற பெயரில், அதிகம் விளம்பரமில்லாமல், உள்ளூரில் மட்டும் சீட்டு விற்றார்கள். அன்று இரண்டாம் பாதியில் ‘டார்க் ஸ்டார்’ பாட்டை எடுத்தார்கள். 1984 ஜூலைக்குப் பிறகு அதை வாசித்ததே இல்லை. இந்தக் கச்சேரியை மட்டும் மிக்ஸரிலிருந்து எடுத்த பதிவில் கேட்கக் கூடாது, கூட்டத்தில் நின்று எடுத்ததில் கேட்க வேண்டும் என்பேன். அந்தத் தொடக்கச் சுரங்கள் விழுகின்றன. ஒரு நொடி மௌனம், காதில் விழுந்தது அதுதானா என்ற ஐயம். பிறகு அரங்கமே வெடிக்கிறது. மைக் தாங்காமல் ஒலி பிளக்கிறது. வாசிப்பு சில நொடிகள் கேட்கவே கேட்காது.

இளைய நண்பர்கள் எதில் தொடங்குவது என்று கேட்டால் நான் கார்னெலையும் சொல்வதில்லை, வெனிட்டாவையும் சொல்வதில்லை. 1990 மார்ச் 29, லாங் ஐலண்டின் நாசோ கொலிசியம். ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் பிரான்ஃபோர்டு மார்சாலிஸ் ஒத்திகை ஏதுமின்றி மேடையேறி, முதல் பாதியில் ‘பேர்ட் சாங்’ ஒன்றை மட்டும் வாசிப்பதாக ஏற்பாடு. அது முடிந்ததும் இவரைப் போகவிட யாருக்கும் மனமில்லை. இரண்டாம் பாதி ‘ஐஸ் ஆஃப் தி வேர்ல்டு’ பாட்டோடு தொடங்குகிறது. சாக்ஸஃபோன் ஒரு சொற்றொடரைச் சொல்கிறது, கார்சியாவின் கிட்டார் அதன் கடைசிச் சொல்லைப் பிடித்து வேறொரு வாக்கியம் அமைக்கிறது, பிரெண்ட் மிட்லண்டின் கீபோர்டு இருவருக்கும் நடுவில் ‘ஆமாம், ஆமாம்’ என்பதுபோல் ஒலிக்கிறது. இருபது ஆண்டு அலுப்பும் உடல்நலக்கேடும் ஏறியிருந்த கார்சியா, புதிதாக ஒருவர் வந்து பேசியதும் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்லும் பெரியவர்போல் வாசிக்கிறார். நான்கு மாதங்களில் மிட்லண்டு இறந்துபோனார்.

அதற்குப் பிந்தைய ஐந்து ஆண்டுகளின் பதிவுகள் என்னிடம் குறைவு. கார்சியாவின் விரல்கள் தடுமாறுகின்றன, வரிகள் மறந்துபோகின்றன. அவற்றைக் கேட்பது நோயாளியின் அறைக்குள் அனுமதி கேட்காமல் நுழைவதுபோல் இருக்கிறது. கடைசிக் கச்சேரியான 1995 ஜூலை 9, சிகாகோ சோல்ஜர் ஃபீல்டு பதிவை மட்டும் வைத்திருக்கிறேன். அதில் ‘ஸோ மெனி ரோட்ஸ்’ பாட்டின் முடிவில் கார்சியா ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார். குரல் உடைகிறது, மறுபடி எடுக்கிறார், உடைந்த இடத்தைத் தாண்டி மேலே போகப் பார்க்கிறார். ஒரு முறை கேட்டு எடுத்துவைத்துவிட்டேன்.

2024 அக்டோபர் 25 அன்று பில் லெஷ் இறந்த செய்தி வந்த இரவில்தான் அதை மறுபடி எடுத்தேன். அந்தக் கச்சேரியின் கடைசிப் பாட்டு லெஷ் பாடியது: ‘பாக்ஸ் ஆஃப் ரெயின்’. மரணப் படுக்கையிலிருந்த தம் தந்தைக்குப் பாடுவதற்காக அவர் மெட்டமைத்து, குழுவின் பாடலாசிரியர் ராபர்ட் ஹன்டர் வரிகள் எழுதியது. நன்றாகப் பாடினார் என்று சொல்ல முடியாது. பாட்டு முடிந்த பிறகும், பதிவு செய்தவர் கருவியை உடனே அணைக்கவில்லை. கூட்டம் இரைகிறது, பக்கத்தில் யாரோ எதையோ தேடுகிறார்கள், இன்னொருவர் வண்டியை எங்கே நிறுத்தினோம் என்பதுபோல் ஏதோ கேட்கிறார். அடுத்த கச்சேரிக்குப் போகப் போகிறவர்களின் பேச்சு அது. நாடா தீரும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.